ரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் இருக்கும் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு நான்கு வயதில் ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, சென்னையில் இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. இப்போது அதே வார்டுக்கு வாரம் ஒரு நாள் சென்று, புதிதாக வரும் பெற்றோருடன் உட்கார்ந்திருக்கிறேன். அன்று நான் கேட்ட கேள்விகளே இன்றும் என் காதில் விழுகின்றன. சேர்க்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதி வைத்தேன். மருந்தின் அளவையும் முறையையும் பொறுத்தவரை உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்க குடும்பத்துல யாருக்கும் இது கிடையாது. இத்தனை சின்னக் குழந்தைக்கு எப்படி வந்தது? நாங்க என்ன தப்பு பண்ணினோம்?

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்களில் ஒரு வகை, முதிர்ச்சி அடையாமலேயே கட்டுப்பாடின்றிப் பெருகி, சிவப்பணுக்களும் தட்டணுக்களும் உருவாக இடமில்லாமல் செய்துவிடுவதே இந்த நோய். குழந்தை வெளிறிப்போனதும், கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்ததும், அடிபடாமலே உடம்பில் கன்றிய தடங்கள் தெரிந்ததும், காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததும் இதனால்தான். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் மிகுதியாகக் காணப்படும் இந்நோய்க்கு, ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும், இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட எதுவும் கிடைப்பதில்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நீங்கள் கொடுத்த உணவாலோ, கொடுக்கத் தவறிய உணவாலோ வந்ததும் அல்ல.

கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றெல்லாம் பார்க்க வரும் உறவினர்கள் தாயின் மேல் பழி போடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தந்தை. அதையும் தாயின் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும்.

என் பிள்ளை பிழைச்சிடுமா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

1948-க்கு முன்பு இந்த நோய்க்கு மருந்தே இல்லை. அந்த ஆண்டில் பாஸ்டனைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக வெளியிட்டார். அந்த மருந்தை அவருக்கு அளித்த ஆய்வுக்குழுவின் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகத சுப்பாராவ். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் உங்கள் குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது. அன்று சில மாதங்களே தாங்கிய அந்த முன்னேற்றம், இன்று வசதியுள்ள நாடுகளில் ஏ.எல்.எல். வந்த நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்த எண் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடுகிறது. பொதுவாக அதைவிடக் குறைவு. தாமதமாக வந்து சேர்வது, சிகிச்சையின்போது வரும் கிருமித்தொற்று, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது ஆகிய மூன்றும் இதற்கு முக்கியமான காரணங்கள். முதலாவது நடந்து முடிந்த ஒன்று. மற்ற இரண்டிலும் பெற்றோரின் கைக்கு எட்டக்கூடிய பகுதி பெரியது. உங்கள் குழந்தையின் நிலை எந்தப் பிரிவில் வருகிறது என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். வயது, முதல் நாளன்று இருந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை, மரபணுப் பரிசோதனை, முதல் மாத மருந்துக்கு உடல் தந்த பதில் ஆகியவற்றை வைத்தே அவர் சொல்ல முடியும். அதனால் முதல் நாளிலேயே முழுப் பதில் கிடைக்கவில்லை என்றால், அவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

ஒரு மாசத்துல ரத்தம் சுத்தமாயிடுச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் இன்னும் ரெண்டு வருஷம் மருந்து?

நோய் கண்டறியப்படும் நாளில் ஒரு குழந்தையின் உடலில் ஒரு லட்சம் கோடி வரை புற்று அணுக்கள் இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சை அவற்றில் பெரும்பகுதியை அழித்த பிறகும், நுண்ணோக்கியில் தென்படாத அளவுக்குச் சிதறிய ஆயிரம் கோடி அணுக்கள் மிஞ்சியிருக்க இடமுண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரிலும் அவை ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் முதுகில் ஊசி போட்டு அங்கேயே மருந்தைச் செலுத்துகிறார்கள்.

குழந்தை ஓடியாடி விளையாடத் தொடங்கும் இந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் ஊர் திரும்பிவிடுகின்றன. சில மாதங்கள் கழித்து நோய் திரும்பி வரும்போது, முதலில் கேட்ட மருந்துகளுக்கு அது எளிதில் அடங்குவதில்லை. கடனோ, அறுவடையோ, மற்ற பிள்ளையின் பள்ளியோ எதனால் ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும், சொல்லாமல் போவதைவிட மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தேதிகளைச் சற்று மாற்றித் தரவோ, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் தரவோ அவர்களால் இயலும்.

கவுண்ட் இறங்கிடுச்சுன்னு தினமும் சொல்றாங்க. எதை நான் கவனிக்கணும்?

கவுண்ட் என்பது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. மூன்று எண்கள் போதும். ஹீமோகுளோபின் குறைந்தால் குழந்தை சோர்ந்து, மூச்சு வாங்கும். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்தால் ரத்தம் கசியும்; பத்தாயிரத்துக்குக் கீழே போனால் கசிவு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது ஏ.என்.சி. எனப்படும், கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் அணுக்களின் எண்ணிக்கை. அது 500-க்குக் கீழே இருக்கும் நாள்களே மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் நாள்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தேதியிட்டு இந்த மூன்று எண்களையும், அன்று போட்ட மருந்தையும், காய்ச்சலையும், மலம் கழித்ததையும், குழந்தை சொன்ன புதிய வலியையும் எழுதுங்கள். பணிமுறை மாறிப் புதிதாக வரும் டியூட்டி டாக்டருக்கு உங்கள் குழந்தை முப்பது பேரில் ஒருவர். “முந்தாநாள் இரவிலிருந்து தாடை வலிக்கிறது என்கிறாள், மூன்று நாளாக மலம் போகவில்லை” என்று நீங்கள் நோட்டைப் பார்த்துச் சொன்னால், அது வின்கிறிஸ்டின் மருந்தின் விளைவு என்று அவர் உடனே கண்டுகொள்வார்.

காய்ச்சல் வந்தா முதல்ல ஒரு பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா? காலையில கூட்டிட்டுப் போனா போதாதா?

கூடாது, காலை வரை காத்திருக்கவும் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள். நம் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலும் இதுவும் வேறு. ஒரு புண்ணில் சீழ் வைப்பதும், தொண்டை சிவப்பதும், நெஞ்சில் சளி கட்டுவதும் வெள்ளணுக்கள் போராடுவதன் அடையாளங்கள். அந்த அணுக்களே இல்லாத குழந்தைக்கு வேறெந்த அறிகுறியும் இல்லாமல் காய்ச்சல் மட்டுமே வரும்; கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பாரசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் மூடிவிடுகிறது.

அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், மணி எத்தனையாக இருந்தாலும் கிளம்புங்கள். சில மருத்துவமனைகள் சற்று மாறுபட்ட எண்ணைச் சொல்லும். அவர்கள் சொன்ன எண்ணையே நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் இதேதான். ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதோ, எனிமா கொடுப்பதோ, இடுப்பில் ஊசி போடுவதோ, ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளோ வேண்டாம்.

அவசரப் பிரிவில் என்ன சொல்வது என்பதையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது, கவுண்ட் குறைவு, இப்போது காய்ச்சல்.” இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது நடைமுறை. எங்கள் ஊரில் ஒரு மருத்துவமனைக்கு இரவு பதினொரு மணிக்குப் போய், நான் பதற்றத்தில் “பாப்பாவுக்குக் காய்ச்சல்” என்று மட்டும் சொன்னேன். டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து என் கணவர் கோப்போடு உள்ளே வந்த பிறகுதான் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கோப்பு, காப்பீட்டு அட்டை, இரண்டு செட் துணி, தெர்மாமீட்டர் ஆகியவை அடங்கிய பை எங்கள் வாசல் கதவின் கொக்கியில் தொங்கியது.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

வீட்டில் சமைத்து, ஆவி பறக்கும்போதே பரிமாறிய உணவு எதுவும் நல்லது. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதமும் பருப்பும், நன்றாக வெந்த முட்டை, கொதித்து ஆறிய தண்ணீர் ஆகியவற்றைக் கொடுக்கலாம். அரைத்து வைத்த பச்சைத் தேங்காய்ச் சட்னி, வெட்டி விற்கும் பழம், கடை ஜூஸ், காலையில் செய்து மாலை வரை வைத்த சாதம், அரைவேக்காட்டு முட்டை ஆகியவை வேண்டாம். தயிர், பழம் ஆகியவற்றில் மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி மாறும். உங்கள் வார்டில் சொல்வதைப் பின்பற்றுங்கள். வாய் புண்ணாகியிருக்கும் நாள்களில் காரமும் புளிப்பும் இல்லாமல் ஆறிய கஞ்சியாகக் கொடுங்கள். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சண்டை போட வேண்டாம்.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சதிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சாப்பாடு கேட்டு அழுறான், அடிக்கவும் வர்றான். என்ன செய்ய?

இது பிடிவாதம் அல்ல; மருந்து செய்யும் வேலை. பிரெட்னிசோலோனோ டெக்சாமெத்தசோனோ எடுக்கும் வாரங்களில் பசி அடங்காது, தூக்கம் கலையும், முகம் உப்பும், சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்கும். பார்க்க வருகிறவர்கள் “நல்லாத் தேறிட்டானே” என்பார்கள். அது தேறியதால் வந்த சதை அல்ல என்பதும், மருந்து நின்றால் வடிந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் மகள் நள்ளிரவில் புளிசாதம்தான் வேண்டும் என்று அழுவாள். வார்டு முழுவதும் விழித்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டில் அம்மாவிடமிருந்து கற்ற வழி இது: இரவு ஒன்பது மணிக்கே ஃபிளாஸ்க்கில் கொதிநீரும், மூடி போட்ட சிறிய எவர்சில்வர் டப்பாவில் வறுத்த ரவையும் தயாராக இருக்கும். குழந்தை எழுந்ததும் ரவையில் வெந்நீரை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மூடி வைத்து, அவளையே நூறு வரை எண்ணச் சொல்வேன். நாற்பதைத் தாண்டியதும் அழுகை நின்றுவிடும். உப்பையும் சர்க்கரையையும் குறையுங்கள். இந்த மருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம். தாகமும் சிறுநீரும் திடீரென மிகுந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

அவளுக்கு என்ன நோய்னு சொல்லணுமா? ஊசின்னாலே அலறுறா. “ஊசி இல்ல, சும்மா பார்க்கத்தான்”னு சொல்லிக் கூட்டிட்டுப் போறோம்.

முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். அதன் பிறகு மூன்று வாரங்கள், “தண்ணி குடி” என்று நான் கொடுத்த டம்ளரைக்கூட அவள் முகர்ந்து பார்த்தாள். ஊசி அவளுக்கு வலித்தது உண்மை. ஆனால் எப்போது வரும் என்று தெரியாமல் இருபத்து நான்கு மணி நேரமும் பயந்துகொண்டிருந்தது என் பொய்யால். இன்றைக்கு ஊசி உண்டு என்றால் உண்டு என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஊசி இல்லாத நாளில் அவளால் நிம்மதியாக விளையாட முடியும். “வலிக்காது” என்பதற்குப் பதிலாக “சுருக்கென்று வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளலாம்” என்று சொல்லுங்கள். மருந்து ஏற்ற நரம்பில் பொருத்தும் சிறு குழாயான வென்ஃப்ளானை எந்தக் கையில் போடலாம், முதலில் டெடி பொம்மைக்குப் போடலாமா என்பது போன்ற சிறிய தேர்வுகளை அவளிடமே விடுங்கள்.

நம் வீடுகளில் “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று பிள்ளைகளை மிரட்டி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தை, தனக்கு இப்போது தினமும் ஊசி போடுவது தான் செய்த ஏதோ குற்றத்துக்காக என்று முடிவு செய்துகொள்கிறது. கேட்காமலே சொல்லிவிடுங்கள்: “நீ எதுவும் தப்புச் செய்யவில்லை, உன் ரத்தத்துக்கு நோய் வந்திருக்கிறது, அதைப் போக்கத்தான் மருந்து.” ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் நோயின் பெயரையும் சொல்லிவிடுங்கள். வார்டின் சுவரிலேயே அது எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் பையன் எப்படியும் சொல்லிவிடுவான்.

முதுகில் மருந்து போடும் நாளில் மயக்க மருந்துக்காக வெறும் வயிற்றில் வைத்திருப்பார்கள். பொதுவாகத் திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். பசியில் அழுகிறாளே என்று யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திட்டுக்கு அஞ்சாமல் சொல்லிவிடுங்கள். நேரத்தைத் தள்ளிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்கன்னு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சொல்றாங்க. நானோ அவங்க அப்பாவோ கொடுக்கக் கூடாதா?

சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் சேமித்து வைக்க முடியும். தட்டணுக்கள் ஐந்து நாள்களே தாங்கும். அதனால்தான் அடிக்கடி கேட்கிறார்கள். கொடுப்பவர் 18 வயது முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் உடையவராக இருக்க வேண்டும். ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். எனவே ஊரிலிருந்து வேன் பிடித்துப் பத்துப் பேர் ஒரே நாளில் வந்து இறங்குவதால் பயனில்லை. பத்துப் பேரின் பெயரை நோட்டில் எழுதி, வாரம் இருவராக வரச் சொல்லுங்கள்.

பெற்றோரும் உடன்பிறந்தோரும் தம் குழந்தைக்கே கொடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நெருங்கிய உறவின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் ஆபத்து உண்டு. பின்னாளில் மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டால் அதற்கும் அது இடையூறாகலாம். நீங்கள் கொடுப்பது வேறொரு குழந்தைக்குப் போய், வேறொருவர் கொடுத்தது உங்கள் குழந்தைக்கு வருவதே நல்லது. வாசலில் நின்று காசுக்கு ஆள் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி, 1998-இலிருந்து பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?

நகையை அடகு வைப்பதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழியுண்டு. அட்டை இல்லாவிட்டால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் எடுக்கலாம். அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நான் பார்த்த தாமதங்களில் பாதி இதனால் வந்தவை.

ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகையும் உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் மறந்துவிடும் என்பதால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

முடி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. பழனிக்கு மொட்டை வேண்டியிருக்கோம், இப்பவே போடலாமா? கையில கட்டின கயிறை அவிழ்க்கச் சொல்றாங்க.

முடி மருந்து தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கி, தீவிரச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும். தலையணையில் முடி ஒட்டுவது குழந்தைக்கு அரிப்பாக இருந்தால் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிடலாம். சவரக் கத்தி மட்டும் வேண்டாம். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது ஒரு கீறல் போதும். காது குத்துவதையும் தள்ளிப் போடுங்கள். வேண்டுதலைச் சிகிச்சை முடிந்த பிறகு நிறைவேற்றலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அப்போது மொட்டை அடிக்கத் தலை நிறைய முடியும் இருந்தது.

கயிறு நனைந்து காயாமல் கிடந்தால் அதனடியில் கிருமி வளரும். வென்ஃப்ளான் போட்ட கையில் அது இறுக்கவும் செய்யும். அவிழ்த்துத் தலையணை உறைக்குள் வைத்துவிடுங்கள். நெற்றியில் திருநீறு பூசத் தடையில்லை. ஊசி ஏறும் இடத்தின் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாட்டு மருந்து சேர்த்துக் கொடுக்கலாமா? பப்பாளி இலைச் சாறு கொடுத்தா பிளேட்லெட் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க.

மூலிகைக்கு வலிமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் குழந்தைக்கு ஏறும் வின்கிறிஸ்டின், நம் தெருவோரத்திலும் கோவில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. தென் மாவட்டங்களில் அந்தச் செடியைப் பயிரிட்டு ஏற்றுமதியே செய்கிறார்கள். ஆனால் டன் கணக்கான இலையிலிருந்து சிறிதளவே பிரித்தெடுத்து, குழந்தையின் உடலளவைக் கணக்கிட்டு, அதிகபட்சம் இரண்டு மில்லிகிராம் என்று வரையறுத்து, நரம்பு வழியாக மட்டுமே செலுத்தும் மருந்து அது. இலையைக் கசக்கிக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, அது நஞ்சாகிவிடும்.

பப்பாளி இலைச் சாறு பேசப்படுவது டெங்குவுக்காக. அங்கே மஜ்ஜை விரைவில் தானாகவே மீண்டுவிடுகிறது. இங்கே மஜ்ஜையை மருந்து அடக்கி வைத்திருக்கிறது. பச்சைச் சாற்றிலுள்ள கிருமியையும், மருந்துகளால் ஏற்கெனவே களைத்த கல்லீரலின் மேல் சுமையையும் மட்டுமே அது தரும். எதையாவது கொடுத்திருந்தால் பெயரோடும் அளவோடும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லீரல் அளவுகள் திடீரென ஏறியதற்குக் காரணம் தெரியாமல் கீமோவை நிறுத்தி வைத்துத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாட்டி கொடுத்த சூரணத்தைப் பற்றி ஐந்தாம் நாள்தான் சொன்னார்கள்.

பக்கத்து வீட்ல அம்மை போட்டிருக்கு. இதை வெளியே சொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

உங்கள் மாமியாரின் பக்தியை நான் மதிக்கிறேன். வேப்பிலை கட்டுவதும் கூழ் ஊற்றுவதும் நடக்கட்டும். ஆனால் மருத்துவமனைக்கு இன்றே, இப்போதே போன் செய்யுங்கள். மற்ற குழந்தைகளுக்குப் பத்து நாளில் இறங்கிவிடும் சின்னம்மை, கீமோ எடுக்கும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடியது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், “அப்போது அவனுக்கு ஒன்றும் இல்லையே” என்பது ஆறுதல் ஆகாது. பாதுகாப்புக்கான எதிர்ப்புப்பொருள் ஊசியை நான்கு நாள்களுக்குள் போடுவதே சிறந்தது. சில வேளை அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் கொடுப்பார்கள். மூன்று வாரம் வரை, அந்த ஊசி போட்டிருந்தால் நான்கு வாரம் வரை, கொப்புளம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிவ்யூவுக்கு வரும்போது பொது வரிசையில் உட்காராமல் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்; அங்கே இருப்பவை எல்லாமே இதே நிலையிலுள்ள குழந்தைகள்.

பெரியவனைப் பாட்டி வீட்ல விட்டிருக்கோம். போன்ல பேசக்கூட மாட்டேங்கிறான்.

அவனிடமும் உண்மையைச் சொல்லுங்கள். தம்பியை அடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு பையன் ஆறு மாதம் மனத்துக்குள் வைத்திருந்ததை அறிவேன். தொற்றாது, அவன் காரணமல்ல, தம்பி எத்தனை நாள் அங்கே இருப்பான் என்ற மூன்றையும் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் பெற்றோரில் ஒருவர் அவனோடு மட்டும் இருங்கள். அந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேச வேண்டாம். அவனுக்குப் போலியோ சொட்டு மருந்து வாயில் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்; அதிலுள்ள உயிர்க்கிருமி வீட்டிலுள்ள நோயாளிக் குழந்தைக்குப் பரவலாம் என்பதால், அவனுக்கு ஊசி வடிவத்தைப் பரிந்துரைப்பார்கள்.

இப்ப வீட்ல தினமும் மாத்திரைதான். நல்லாத்தானே இருக்கான், ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போனா என்ன?

ரத்தம் சுத்தமான பிறகும் ஏன் மருந்து என்பதை முன்பே எழுதியிருக்கிறேன்; இந்த மாத்திரைக் காலம் அதன் நீளமான பகுதி. மெர்காப்டோபியூரின் மாத்திரையில் நூறு வேளைக்குத் தொண்ணூற்றைந்துக்கும் குறைவாக எடுத்த குழந்தைகளிடம் நோய் திரும்புவது கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது மாதத்துக்கு இரண்டு வேளை தவறினாலே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மாலை விளக்கேற்றும் நேரம் போல நாள்தோறும் மாறாத ஒரு நேரத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் தாள் கிழிக்கும் பொறுப்பைக் குழந்தைக்கே கொடுங்கள். விட்டுப்போன மாத்திரையை மறுநாள் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். விட்டுப்போனதை ரிவ்யூவில் மறைக்கவும் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் கவுண்ட் அடங்கவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார்.

எனக்கு அழுகையா வருது, ஆனா அவ முன்னாடி அழக் கூடாதுங்கறாங்க. அவங்க அப்பா பேசுறதே இல்ல.

அவள் முன்னால் சிறிது அழுதால் குற்றமில்லை. “அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது, முகம் கழுவிவிட்டு வருகிறேன்” என்று காரணத்தைச் சொல்லிவிட்டால், அவளும் தன் அழுகைக்குக் காரணம் சொல்லக் கற்றுக்கொள்வாள். பல வார்டுகளில் தாய்க்கு மட்டுமே அனுமதி. தந்தை போர்டிகோவில் செய்தித்தாளை விரித்துப் படுத்து, மருந்துச் சீட்டோடு ஓடுகிறவராக மட்டும் ஆகிவிடுகிறார். சுற்று வரும் மருத்துவர் சொன்னது அவர் காதில் விழுவதே இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அட்டெண்டர் பாஸை மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டு அந்த நேரத்தில் அவர் கையில் இருக்கட்டும். அவர் பேசத் தொடங்குவார். நீங்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். சில நாள்கள் தொடர்ந்து தூக்கமே வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோய் திரும்பிடுச்சு, இனி மருந்து கேட்காதுன்னு சொல்லிட்டாங்க. அவன் என்கிட்ட “நான் செத்துப்போயிடுவேனா?”ன்னு கேட்கிறான். நான் என்ன சொல்றது?

நோயைப் போக்க மருந்து இல்லாத நிலையிலும், வலிக்கு மருந்து உண்டு. வாய்வழி மார்ஃபின் குழந்தைகளுக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கப்படுகிறது. சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைப்பதில்லை, அடிமையாக்குவதும் இல்லை. வலி நிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு, அவர்களை உடனே சந்தியுங்கள். வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பினால், இரவில் வலி வந்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதையும், யாரை அழைப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.

அவன் கேட்ட கேள்விக்கு “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று வாயை மூடிவிட்டால், அவன் அந்தப் பயத்தோடு தனியாக இருப்பான். “ஏன் அப்படித் தோன்றுகிறது?” என்று முதலில் கேளுங்கள். பல குழந்தைகள் அறிய விரும்புவது வலிக்குமா, தனியாக விட்டுவிடுவார்களா, அம்மா என்ன செய்வாள் என்பதையே. ஊசி விஷயத்தில் எழுதியதுதான் இங்கும் பொருந்தும்: உண்மையானதை மட்டும் சொல்லுங்கள். “நோயைப் போக்க இப்போது மருந்து இல்லை, வலிக்காமல் இருக்க மருந்து இருக்கிறது, இரவிலும் நான் பக்கத்திலேயே இருப்பேன்.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

என் மகளுக்கு எதிர்க்கட்டிலில் இருந்த ஒன்பது வயதுப் பையன் இதே கேள்வியைக் கேட்டான். அவன் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதைப் போலவே சொன்னார். அவன் அழவில்லை, தன் சைக்கிளைத் தங்கைக்குக் கொடுக்க வேண்டும் என்றும், அவளுக்குக் கால் எட்டாது, சீட்டை இறக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான். கவுண்ட் எழுதிவந்த அதே நோட்டில், அன்றைய தேதிக்குக் கீழே அவர் அதை எழுதிக்கொண்டார்.